கலவரத் தடுப்பு லாஞ்சர்கள்: 37 மி.மீ., 40 மி.மீ., ஷாட்கன், காற்றழுத்தம் – எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது?

பழைய 37 மி.மீ. துப்பாக்கிகள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும். ஒரு விற்பனையாளர் 40 மி.மீ. லாஞ்சரைக் காட்டுகிறார். இன்னொருவர் காற்றழுத்த லாஞ்சர்தான் பாதுகாப்பு என்கிறார். கிடங்கில் கிடக்கும் ஷாட்கன்களே போதும், தோட்டாவை மட்டும் மாற்றுங்கள் என்கிறார் மூன்றாமவர். கலவரத் தடுப்புப் பிரிவுக்குக் கொள்முதல் பார்ப்பவர்களும், அதற்கு நிதி ஒப்புதல் தருபவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான். விளம்பரத் தாளில் இருக்கும் தூரம், எடை, தோட்டா எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தைக் கலைப்பது ஒரு வேலை. கூட்டத்துக்குள் நின்று பெட்ரோல் குண்டு எறியும் ஒருவரை நிறுத்துவது வேறு வேலை. முதலாவதற்குப் புகை. இரண்டாவதற்குத்தான் உடலில் மோதும் தோட்டா. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2020 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: மோதும் தோட்டாவை வன்முறையில் ஈடுபடும் தனிநபர் மீது, அடிவயிற்றையோ கால்களையோ குறிவைத்து மட்டுமே சுட வேண்டும். ‘கூட்டத்தைக் கலைக்க ரப்பர் தோட்டா’ என்று ஒரு கொள்முதல் குறிப்பு தொடங்கினால் அந்தக் கோப்பை அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

## எதை வைத்து அளப்பது?

குறி எங்கே வைக்கிறோம், தோட்டா எங்கே படுகிறது? இந்த ஆயுதங்களின் தோட்டா மெதுவாகப் போகும். நொடிக்கு 90 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டரைக் கடக்க 0.44 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்ட, 40 மீட்டருக்குச் சரிசெய்த குறிக்கருவி குழலைச் சற்று மேல்நோக்கி வைத்திருக்கும். அதே குறிக்கருவியோடு 20 மீட்டரில் நிற்பவரின் இடுப்பைப் பார்த்துச் சுட்டால், தோட்டா சுமார் 24 செ.மீ. மேலே போய்ப் படும். இடுப்புக்கு வைத்த குறி மார்பில் முடிகிறது. காற்றின் தடையையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் கூடும், குறையாது. மைதானத்தில் கச்சிதமாகச் சுட்டவர் தெருவில் நெஞ்சில் அடிப்பதற்கு முக்கியக் காரணம் கை நடுக்கம் அல்ல. குறிக்கருவியை எந்தத் தூரத்துக்குச் சரிசெய்தார்கள் என்பதுதான்.

ஆள் அசைவதும் கணக்கில் உண்டு. அரை நொடியில் ஓடுகிறவர் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடுவார். கல் எடுக்கக் குனிகிறவரின் தலை, இடுப்பு இருந்த இடத்துக்கு வந்துவிடும். துல்லியமான லாஞ்சர் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. தூரத்தைக் குறைத்தால்தான் தீரும். தூரத்தைக் குறைத்தால் அடி பலமாகும். இந்த முரண்பாட்டுக்கு நடுவில்தான் எல்லா வடிவமைப்புகளும் அல்லாடுகின்றன.

ஆற்றல் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது? ஜூல் (ஆற்றலின் அலகு) கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 30 கிராம் எடையுள்ள 40 மி.மீ. ஸ்பான்ஜ் (நுரை முகப்புள்ள) தோட்டா நொடிக்கு 99 மீட்டரில் போனால் சுமார் 147 ஜூல். 8.5 கிராம் காற்றழுத்தக் குண்டு 85 மீட்டரில் போனால் சுமார் 31 ஜூல்தான். இரண்டாவது ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து என்று தோன்றும். பரப்பால் வகுத்துப் பாருங்கள். முதலாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 12 ஜூல், இரண்டாவது 13 ஜூல். தோலுக்கும் கண்ணுக்கும் இந்த இரண்டாம் எண்தான் பேசுகிறது.

தலையில் பட்டால் என்ன ஆகும்? நோக்கமே இல்லாவிட்டாலும் சில தோட்டாக்கள் தலையில் படத்தான் செய்யும். 2017-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, இவ்வகைத் தோட்டாக்களால் காயமடைந்த 1,984 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. 53 பேர் இறந்திருந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். இறப்புகளில் ஏறக்குறைய பாதியும், நிரந்தர ஊனங்களில் ஐந்தில் நான்குக்கு மேலும் தலை, கழுத்துக் காயங்களால் வந்தவை. கண்குழியின் வாய் சுமார் 40 மி.மீ. அகலம், 35 மி.மீ. உயரம். அதைவிடச் சிறிய எதுவும் எலும்பில் முட்டாமல் நேரே கண்ணுக்குள் போகும்.

உயிர்க்கொல்லித் தோட்டாவோடு கலந்துவிடுமா? பதற்றத்தில், இருட்டில், கையுறையோடு தோட்டா போடுகிறவரால் தவறான தோட்டாவைப் போட முடியுமா என்று கேளுங்கள். ‘பயிற்சி கொடுத்திருக்கிறோம்’ என்பது இதற்குப் பதில் ஆகாது. போடவே முடியாது என்றிருந்தால்தான் பதில்.

பயிற்சிக்கு வழி இருக்கிறதா? ஒரு தோட்டாவின் விலை அதிகமென்றால் வருடத்துக்கு ஐந்தாறு சுடுவதோடு பயிற்சி முடிந்துவிடும்.

## 37/38 மி.மீ. வழுவழுக் குழல்

1930களில் அமெரிக்காவில் கண்ணீர்ப்புகைக்காகப் பரவிய வகை. நடுவில் மடித்துத் திறந்து ஒரு தோட்டா போட்டு மூடும் எளிய அமைப்பு. உடைய அதிகம் எதுவும் இல்லை: கீல், சுடுஊசி, ஸ்பிரிங், காலி உறையை வெளித்தள்ளும் நகம். இதில் நகம்தான் முதலில் தேயும். சுட்ட உறை குழலுக்குள் சிக்கிக்கொண்டால், அவசரத்தில் அதைக் கத்தியால் நெம்புவதைப் பார்க்கலாம்.

புகைக்கு இது இன்றைக்கும் நல்ல கருவி. குழலை மேல்நோக்கிச் சாய்த்து, வளைந்த பாதையில் அனுப்பினால் கூட்டத்துக்கும் காவலர்களுக்கும் நடுவில் போய் விழும். கூடாதது ஒன்றே ஒன்று, நேராகச் சுடுவது. உலோகக் குப்பி தலையில் பட்டால் அது குண்டுதான். 2019-இல் பாக்தாத்தில் அதுதான் நடந்தது. வழக்கமான போலீஸ் புகைக்குண்டு 25 முதல் 50 கிராம்வரை இருக்க, அங்கே 220–250 கிராம் எடையுள்ள 40 மி.மீ. ராணுவ ரகங்கள் சுடப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி பதிவுசெய்தது. மண்டையோட்டைத் துளைத்து உள்ளே தங்கிய குப்பிகளை எக்ஸ்ரே படங்கள் காட்டின.

மோதும் தோட்டாவுக்கு இந்தக் குழல் உதவாது. சுழற்சி கொடுக்கும் ரைஃபிளிங் வரிகள் இல்லாததால் தோட்டா காற்றில் புரண்டு போகும். 1960களில் ஹாங்காங்கில் மரக்கட்டையைத் தரையில் சுட்டுத் தெறிக்கவைத்தார்கள். அந்த யோசனையே 1970-இல் வட அயர்லாந்துக்கு ரப்பர் தோட்டாவாகப் போனது. 15 செ.மீ. நீளம், சுமார் 140 கிராம். தரையில் பட்டு எழும்பும் ரப்பர் எந்தக் கோணத்தில் போகும் என்பது சுட்டவருக்கே தெரியாது. கருங்கல் தெருவில் ஒரு விதம், ஈர மண்ணில் வேறு விதம். அதனால்தான் பிறகு நேராகச் சுடும் பிளாஸ்டிக் தோட்டா வந்தது. அது இன்னும் கடினமானது. ரப்பரும் பிளாஸ்டிக்குமாக அங்கே 17 பேர் இறந்தார்கள். இன்றும் ‘தரையில் சுடுவது பாதுகாப்பு’ என்று பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன. அது தவறு.

## ரைஃபிளிங் உள்ள 37 மி.மீ., 40 மி.மீ. ஒற்றைத் தோட்டா லாஞ்சர்

37-ஆ 40-ஆ என்ற சண்டை பெரும்பாலும் வீண். குழலுக்குள் வரி இருக்கிறதா என்பதே கேள்வி. பிரிட்டன் 37 மி.மீ.யிலேயே ரைஃபிளிங் குழலும் ஒளிக் குறிக்கருவியும் கொண்ட எல்104ஏ1 லாஞ்சருக்குப் போனது. 1999-இல் வட அயர்லாந்துக் காவல்துறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த பேட்டன் ஆணையம் பிளாஸ்டிக் தோட்டாவுக்கு மாற்று தேடச் சொன்னது. 2005-இல் எல்60ஏ1 தோட்டா வந்தது. சுமார் 98 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 72 மீட்டர். மூக்குப் பகுதிக்குள் காலியிடம் விட்டிருப்பார்கள். மோதும்போது அது அமுங்கி, உச்ச அழுத்தத்தைக் குறைக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டால் 250 ஜூல் தாண்டுகிறது, ஸ்பான்ஜ் தோட்டாவைவிட நூறு ஜூல் கூடுதல். தூரத்தில் கனம் நிலைத்து நிற்கும், அதே கனம் நெஞ்சில் பட்டால் ஆபத்து.

40 மி.மீ. ஸ்பான்ஜ் இதற்கு எதிர்த்திசை: எடை குறைவு, முகப்பில் மென்மையான நுரை, பின்னால் ரைஃபிளிங்கைப் பற்றிச் சுழலும் கடின பிளாஸ்டிக் அடிப்பகுதி. இதில் கெட்டுப்போவது நுரை. கடுங்குளிரில் அது இறுகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் பிசுபிசுத்துப் பிரியும், உந்துமருந்தும் வேகம் கூட்டும். வேகம் 5 சதவீதம் கூடினால் ஆற்றல் 10 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் பத்துத் தோட்டாவை எடுத்து வேகமானியில் சுட்டுப் பார்க்காமல் வாங்கியவர்கள், தாங்கள் என்ன வாங்கினோம் என்று அறியாதவர்கள்.

துல்லியம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புகிறவர்களுக்கு பிரான்ஸைக் காட்டலாம். எல்.பி.டி. 40 என்று அங்கே அழைக்கப்படும் லாஞ்சர், சுவிஸ் தயாரிப்பான ஜி.எல்.06-தான். சுமார் இரண்டு கிலோ எடை, நல்ல ரைஃபிளிங், ஹோலோகிராஃபிக் குறிக்கருவி. இவ்வகையில் தரமான கருவி என்பதில் சந்தேகமில்லை. 2018–19 மஞ்சள் சட்டைப் போராட்டங்களில் பலர் ஒரு கண்ணை இழந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய கவுன்சிலின் மனித உரிமை ஆணையர் அதன் பயன்பாட்டை நிறுத்திவைக்கச் சொன்னார். ஓடும் கூட்டத்தில், புகைக்கு நடுவே சுட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்த அரை நொடிக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொரு சிக்கலைக் கொள்முதல் ஆவணங்களில் காண்பதே அரிது. 40×46 (விட்டமும் உறையின் நீளமும், மி.மீ.யில்) என்பது ராணுவ எறிகுண்டின் அளவும்கூட. நீளமான தோட்டா அறை கொண்ட போலீஸ் லாஞ்சருக்குள் ராணுவ வெடிகுண்டுத் தோட்டா உட்காரும். ராணுவத்தோடு ஒரே கிடங்கைப் பகிரும் படையாக இருந்தால் 37 மி.மீ. ரைஃபிளிங் குழலை எடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

## ஆறு தோட்டா சுழல் லாஞ்சர்

விளம்பரத்தில் கவர்ச்சி, கையில் சுமை. ஒற்றைத் தோட்டா வகையைவிட எடை இரு மடங்குக்கும் மேல். உண்மையான சிக்கல் எடை அல்ல. மூன்று ஸ்பான்ஜ், மூன்று புகை என்று கலந்து போட்டால், அடுத்தது எது என்பதை மனதில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் புகைக்குப்பி நேரே ஒருவர் மீது போகும். ஒற்றைத் தோட்டா லாஞ்சரில் திறந்து, எடுத்து, போட்டு மூட ஆகும் சில நொடிகள்தான் ‘இன்னும் சுட வேண்டுமா’ என்று யோசிக்கவைக்கும் இடைவெளி. அந்த இடைவெளியைப் பணம் கொடுத்து ஒழிப்பது புத்திசாலித்தனமா? தொலைவிலிருந்து புகைத்திரை தொடர்ச்சியாகப் போட வேண்டிய அணிக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், அதுவும் புகைக்கு மட்டும்.

## 12 போர் ஷாட்கனும் பீன் பேக்கும்

மிக மலிவாகத் தோன்றும் வழி. துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. துணிப்பைக்குள் 40 கிராம் ஈயத்துகள், வேகம் நொடிக்கு 80 மீட்டரை ஒட்டி, சுமார் 130 ஜூல். முதல் தலைமுறைச் சதுரப் பைகள் காற்றில் சரியாக விரியாமல், ஓரத்தால் மோதித் தோலைக் கிழித்தன. இப்போதுள்ளவை காலுறை போன்ற பை, பின்னால் துணி வால். வால் நிலைநிறுத்தும், ஆனால் 20 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது.

மறைந்திருக்கும் விலை தோட்டா கலப்பு. அதே துப்பாக்கியில் உயிர்க்கொல்லித் தோட்டாவும் நுழையும். ஆரஞ்சு நிறப் பிடி மாட்டுவது, துப்பாக்கியைத் தனியாக ஒதுக்குவது, பணி தொடங்கும்போது இருவர் சேர்ந்து அறையைச் சரிபார்ப்பது எல்லாம் வேண்டும். அப்படியும் நிஜத் தோட்டா போட்டுச் சுட்ட சம்பவங்கள் உண்டு. காலாவதியும் பிரச்சினை. நாள்பட்ட பைக்குள் ஈயத்துகள் கட்டிதட்டிப்போனால், மோதும்போது பரவ வேண்டியது ஒரே கட்டியாக இறங்கும். 2020-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் போராட்டங்களில் பீன் பேக் தோட்டாக்கள் சிலரின் மண்டையோட்டை உடைத்தன. கூட்டத்தில் அவற்றைப் பயன்படுத்துவதை அந்நகரக் காவல்துறை நிறுத்தியது.

கத்தியோடு தனியாக நிற்கும் ஒருவரை 8–10 மீட்டரில் நிறுத்த, ரோந்து வண்டியில் தனியாக ஒதுக்கிய துப்பாக்கியாக இது பயன்படும். கலவரத்துக்கு வேண்டாம்.

## காற்றழுத்த லாஞ்சர்

0.68 அங்குலக் குண்டு, அதாவது 17.3 மி.மீ. இரண்டு குடும்பங்கள். மிளகாய்க் காரப்பொடி நிரம்பிய சுமார் 3 கிராம் உருண்டை ஒன்று, ஏறக்குறைய 12 ஜூல், பட்டதும் உடையும். எஃப்.என். 303 மற்றொன்று: முன்பக்கம் பிஸ்மத் கனமும் பின்பக்கம் துடுப்பும் கொண்ட 8.5 கிராம் குண்டு, 15 குண்டு உருளை. இரண்டாவது முதலாவதைவிட நேராகப் போகும், அதே காரணத்தால் ஆழமாகவும் இறங்கும். 2004-இல் பாஸ்டனில் பேஸ்பால் வெற்றிக் கொண்டாட்டக் கூட்டத்தில் இந்தக் குண்டு கண்ணில் பட்டு ஒரு மாணவி இறந்தார். அந்நகரக் காவல்துறை அந்த ஆயுதத்தையே கைவிட்டது.

காரப்பொடி உருண்டைக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. ஆளைத் தொடாமலே அவர் காலடியிலோ பக்கச் சுவரிலோ உடைத்து, அந்தச் சிறிய இடத்தை மட்டும் நிற்க முடியாததாக்கலாம். பொது வெளியில் புகை போடுவதைவிட இது கட்டுப்பாடானது. காற்று எதிர்ப்பக்கம் வீசினால் பொடி முகமூடி இல்லாத காவலருக்கே திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது.

பராமரிப்பு இங்கே தனி உலகம். 3,000 அல்லது 4,500 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிரப்பும் காற்றுப்புட்டி, அதை நிரப்பும் கம்ப்ரசர், புட்டிக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொரு முறை நீரழுத்தச் சோதனை, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றம். ஓ-ரிங் கசிந்தால் வேகம் இறங்கும், உருண்டை உடையாமல் தெறிக்கும். காற்றழுத்தச் சீராக்கி மக்கர் செய்தால் வேகம் ஏறும், உருண்டை குழலுக்குள்ளேயே உடைந்து பொடி அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குழலில் துல்லியம் தேடக் கூடாது.

## பரவும் பெல்லட், பல உருண்டைத் தோட்டா

ஒப்பீடே தேவையில்லை, வாங்காதீர்கள். ஒரே தோட்டாவில் பல உருண்டை என்றால் எது யார் மீது படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐ.நா. வழிகாட்டுதலும் இவற்றை ஏற்கவில்லை. காஷ்மீரில் 2016-இல் உலோக பெல்லட்டுகளால் நூற்றுக்கணக்கானோரின் கண்கள் காயமடைந்தன. 2019-இல் சிலியில் ‘ரப்பர்’ என்று சுடப்பட்ட பெல்லட்டுகளைச் சிலி பல்கலைக்கழகம் ஆய்ந்தபோது ரப்பர் 20 சதவீதம் மட்டுமே இருந்தது. மீதி சிலிக்கா, பேரியம் சல்பேட், ஈயம். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாமல் ஆய்வகத்துக்கு அனுப்பு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | எறிபொருள், ஆற்றல் | ஏற்ற வேலை | கையைக் கடிக்கும் இடம் |
|---|---|---|---|
| 37/38 வழுவழுக் குழல் | புகைக்குப்பி | வளைந்த பாதையில் புகை | நேராகச் சுட்டால் மரணம் |
| 37 ரைஃபிளிங் | 98 கிராம், சுமார் 250 ஜூல் | நடுத்தூரத்தில் ஒருவர் | நெஞ்சில் கனத்த அடி |
| 40 ரைஃபிளிங் | 30 கிராம், சுமார் 147 ஜூல் | 10–30 மீட்டரில் ஒருவர் | ராணுவத் தோட்டா நுழைவது, நுரை கெடுவது |
| 40 சுழல் | கலவை | தொடர் புகைத்திரை | அடுத்த தோட்டா எது? |
| ஷாட்கன் பீன் பேக் | 40 கிராம், சுமார் 130 ஜூல் | கூட்டமில்லாத தனி ஆள் | நிஜத் தோட்டா கலப்பு |
| காரப்பொடி உருண்டை | 3 கிராம், சுமார் 12 ஜூல் | சிறு இடத்தைக் காலிசெய்வது | கண், காற்று, பராமரிப்பு |

## பட்டியலில் வராத செலவு

லாஞ்சர் ஒரு முறை வாங்குவது. தோட்டா ஆயுள் முழுக்க வாங்குவது. பெரும்பாலான ஸ்பான்ஜ் தோட்டாக்களுக்கு ஐந்தாண்டு ஆயுள் போடுகிறார்கள். கலவரமே வராத ஊரிலும் கிடங்கு முழுவதும் ஐந்தாண்டுக்கொரு முறை காலாவதியாகும். இதைச் சாதகமாக்க ஒரே வழி, வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்து, அதே அளவு புதிதாக வாங்குவது. இப்படிச் செய்தால் பயிற்சிக்குத் தனி ஒதுக்கீடு கேட்க வேண்டியதில்லை, பழைய தோட்டா தெருவுக்கும் போகாது.

பயிற்சியில் அசையாத அட்டைக்குச் சுடுவது போதாது. 10, 20, 30 மீட்டரில் மாறி மாறி, குனிந்து நிமிரும் உருவத்தின் மீது சுடவைத்து, இடுப்புக்கு மேலே பட்ட ஒவ்வொன்றையும் தோல்வியாகக் கணக்கிட வேண்டும். முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்தாலே எத்தனை பேரிடம் லாஞ்சரைக் கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

பதிவும் செலவுதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண், யாரிடம் போனது, எத்தனை திரும்பியது, அடிபட்டவருக்கு மருத்துவப் பரிசோதனை நடந்ததா, உடல் கேமரா ஓடியதா. உறையில் தொகுதி எண் அழியாமல் அச்சிடாத தயாரிப்பாளரின் மாதிரியைப் பரிசோதிக்கவே வேண்டாம்.

## எந்தச் சூழலுக்கு எது?

பயிற்சிக்கு நேரமும் நிதியும் உள்ள, ராணுவக் கிடங்கோடு கலக்காத படைக்கு: 40 மி.மீ. ரைஃபிளிங் ஒற்றைத் தோட்டா. குறிக்கருவியை 20–25 மீட்டருக்குச் சரிசெய்து, அதற்கு அப்பால் சுடுவதை விதியிலேயே தடுத்துவிட வேண்டும். பத்துப் பேர் அணிக்கு ஒன்று போதும். சுடுபவருக்குப் பக்கத்தில், யாரைச் சுடுவது என்று கண்ணால் பார்த்து ஆணையிடும் ஒருவர் நிற்க வேண்டும்.

கிடங்கு ஒன்றே என்றால் 37 மி.மீ. ரைஃபிளிங். தோட்டா கனமானது என்பதால் மிகக் குறைந்த தூரத்துக்கான தடையை இன்னும் கறாராக எழுத வேண்டியிருக்கும்.

சிறைக்கூடம், அடைபட்ட முற்றம் போன்ற இடங்களில் காரப்பொடி உருண்டை மற்றவற்றைவிட மேல், ஆளை நோக்கிச் சுடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு. காற்றோட்டமே இல்லாத அறைக்குள் அதுவும் வேண்டாம்.

நிதி குறைவாக, வருடத்துக்கு ஒரு நாள்தான் பயிற்சி தர முடியும் என்றிருக்கும் படைக்கு மேலே சொன்ன மோதும் தோட்டா எதுவும் ஏற்றதல்ல. பழைய 37 மி.மீ. துப்பாக்கிகளின் நகத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, புகைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தைக் கேடயம், தலைக்கவசம், தீத்தடுப்பு உடை இவற்றில் போடுவதே மேல். பெட்ரோல் குண்டைத் தாங்கும் உடையில் நிற்கும் அணிக்கு, எறிந்தவரைச் சுட வேண்டிய அவசரம் பாதியாகக் குறைந்துவிடும்.